பிடிப்பதும் விடுவதும்: பனிச்சறுக்குப் பிணைப்பின் கதை

பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் பனிதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைப் பணியில் கழித்த நான் போரையும் தேர்தலையும் வெள்ளத்தையும் பற்றி எழுதியிருக்கிறேன். பனிச்சறுக்கைப் பற்றி எழுத நேரும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு பதினான்கு வயதுச் சிறுமியின் முறிந்த கால். அந்த முறிவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனது அக்காவின் மகன் நோர்வேயில், ஒஸ்லோவுக்கு அண்மையில் வாழ்கிறார். எண்பதுகளில் வடபுலத்தை விட்டு வெளியேறி, நோர்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து, பின்னர் தெற்கே இறங்கிவந்த ஆயிரக்கணக்கான எமது இளைஞர்களில் அவரும் ஒருவர். 1956ஆம் ஆண்டில் குருநகரிலிருந்து அந்நாட்டுக்குச் சென்ற அந்தோனி ராஜேந்திரம் தொடங்கிவைத்த உறவு அது. முதல் தலைமுறை மீன்வாடையோடு நின்றது. இரண்டாம் தலைமுறை பனியில் சறுக்குகிறது. சறுக்குப் பலகையோடுதான் பிறக்கிறோம் என்று நோர்வே நாட்டவர் தம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எமது பிள்ளைகள் அப்படிப் பிறக்கவில்லை. ஆனால் பாலர் பாடசாலையிலேயே அதைக் கற்றுவிடுகிறார்கள்.

2018ஆம் ஆண்டு மாரிகாலத்தில் நான் அங்கு சென்றிருந்தேன். மருமகனின் மகள் அப்போது குட்டையான சறுக்குப் பலகை ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மீற்றருக்கும் குறைந்த நீளமுடைய அந்தப் பலகைகளை ஸ்கீபோர்ட் என்கிறார்கள். பாடசாலை வாத்தியக் குழுவுக்குப் பணம் சேர்ப்பதற்காகப் பெற்றோர் நடத்தும் பழம்பொருட் சந்தைகள் அந்நாட்டில் பிரசித்தம். அத்தகைய ஒரு சந்தையில் இரண்டு சோடிகள் கிடந்தன. ஒன்றில் சப்பாத்தைப் பிடிக்கும் பிணைப்பு பிளாஸ்ரிக்கும் சுருள்வில்லுமாக, தட்டினால் கலகலக்கும் தோற்றத்தில் இருந்தது. மற்றதில் தடித்த அலுமினியத் தட்டு. முன்னும் பின்னும் உருக்குக் கம்பி வளையங்கள். நான்கு பெரிய திருகாணிகள். மருமகன் என்னைப் பார்த்தார். நான் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். உருக்குக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். "தம்பி, இதை எடும். இதுதான் கனகாலம் நிக்கும்" என்றேன்.

மூன்று கிழமைகளின் பின்னர், நான் கொழும்புக்குத் திரும்பியிருந்தபோது, தொலைபேசி வந்தது. சரிவில் வேகமாக வந்தவள் ஈரப்பனியில் பலகையின் முனை சொருகி முன்னோக்கி விழுந்தாள். சப்பாத்தின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே கணைக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மருமகன் சொன்ன வார்த்தைகள் இன்றும் காதில் நிற்கின்றன. "மாமா, பைண்டிங் ஒண்டும் உடையேல்லை. ஒரு ஆணிகூட அசையேல்லை. கால்தான் முறிஞ்சது."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை மனம் ஆறியிருக்கும். அன்றிலிருந்து இந்தச் சிறிய பொருளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் செய்த தவறு எனக்கு மட்டும் உரியதல்ல, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஒரு உலகமே செய்த தவறு என்று அந்தத் தேடலில் அறிந்தேன்.

மிலாறும் தோலும்

நோர்வேயின் மலைப்பகுதியில் டிகர்வார்டன் என்னும் பனித்திட்டு உருகியபோது, 2014ஆம் ஆண்டில் ஒரு பழைய சறுக்குப் பலகை வெளிப்பட்டது. ஏழு ஆண்டுகளின் பின், 2021இல், அதற்கு ஐந்து மீற்றர் தொலைவில் அதன் சோடி அகப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பழமையானவை. இரண்டாவது பலகையின் நீளம் 187 சென்ரிமீற்றர், அகலம் 17 சென்ரிமீற்றர். பேர்ச் மரத்து மிலாறுகளை முறுக்கிச் செய்த மூன்று கட்டுகள், ஒரு தோல்வார், ஒரு மர முளை ஆகியவை அதில் அப்படியே இருந்தன. பலகைகளில் பழுதுபார்த்த அடையாளங்களும் உண்டு. பாவித்தவர் அவற்றைப் பேணிப் பாவித்திருக்கிறார்.

இந்தக் கட்டுகள் பாதத்தின் முன்பகுதியை மட்டுமே பிடித்தன. குதிக்கால் சுதந்திரமாக எழுந்து தாழும். சமவெளியில் நடப்பதற்கும் வேட்டைக்கும் அது போதும். ஆனால் சரிவில் திரும்பவோ பாயவோ முடியாது. பலகை காலை விட்டு நழுவிவிடும். விழுந்தால் பலகை தனியே போகும், மனிதன் தனியே உருளுவான். அந்தப் பலவீனமே மனிதனின் காலுக்குக் காவலாக இருந்தது என்பதை அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்கத் தேவையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெலமார்க் பகுதியின் மொர்கெடால் என்ற கிராமத்தில் சோந்த்ரே நோர்ஹைம் என்ற ஏழைக் குடியானவர் வாழ்ந்தார். 1825இல் பிறந்தவர். முறுக்கிய மிலாறுகளைக் குதிக்காலைச் சுற்றிக் கட்டி, பலகை காலோடு ஒட்டிநிற்கச் செய்தவர் என்று பனிச்சறுக்கு வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. அத்தகைய கட்டுகள் அவருக்கு முன்பும் ஆங்காங்கே இருந்தன என்று பிற்கால ஆய்வாளர்கள் கூறுகின்றனர். எனினும் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அவரே. 1868ஆம் ஆண்டில், தமது நாற்பத்திரண்டாவது வயதில், தலைநகர் கிறிஸ்தியானியாவில் நடந்த போட்டியில் கலந்துகொண்டு இளைஞர்களை வென்றார். கிறிஸ்தியானியா என்பது ஒஸ்லோவின் அன்றைய பெயர்.

நோர்ஹைமின் பிற்காலம் எம்மவருக்குப் பரிச்சயமான கதை. வறுமை காரணமாக 1884இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். மலையே இல்லாத நோர்த் டகோட்டாவின் சமவெளியில் 1897இல் இறந்தார். அவரது புதைகுழி நீண்டகாலம் அடையாளமின்றிக் கிடந்தது. 1952இல் ஒஸ்லோவில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கான சுடர், மொர்கெடாலில் அவர் பிறந்த சிறுகுடிலின் அடுப்பில் ஏற்றப்பட்டது. ஊரை விட்டுப் போனவனை ஊர் நினைவுகூர அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

இரும்பு வருகிறது

மிலாறு நனைந்தால் தளரும், காய்ந்தால் ஒடியும். எனவே நீடித்து நிற்கும் கட்டு எது என்ற கேள்வி எழுந்தது. பிரிட்யொவ் நான்சன் 1888இல் சறுக்குப் பலகையில் கிறீன்லாந்தைக் குறுக்கே கடந்து, இரண்டு ஆண்டுகளின் பின் அதைப் பற்றி நூல் எழுதியதும், அதுவரை வடநாட்டாரின் பழக்கமாக இருந்த பனிச்சறுக்கு ஐரோப்பா எங்கும் மோகமாகியது. அந்த மோகமே இரும்பைக் கொண்டுவந்தது.

நோர்வேயின் பிரிற்ஸ் ஹூய்த்வெல்ட் 1894ஆம் ஆண்டளவில் பலகையில் குறுக்காகத் துளையிட்டு, அதனூடாக இரும்புத் தகட்டைச் செலுத்தி, இரு புறமும் மேலே வளைத்து, சப்பாத்தின் முன்பகுதியைக் கவ்வும் காதுகளாக அமைத்தார். குதிக்காலைத் தோல்வார் பிடித்தது. ஆஸ்திரியாவின் லிலியன்வெல்ட் என்ற ஊரில் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி என்பவர் அல்ப்ஸ் மலையின் செங்குத்துச் சரிவுகளுக்கு நோர்வே முறை பொருந்தாது என்று கண்டு, முழுப் பாதத்தையும் தாங்கும் உருக்குத் தகட்டுப் பிணைப்பை உருவாக்கினார். இரு முகாம்களும் பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்டன. எது உறுதி, எது நீடிக்கும், எது திரும்ப வசதி என்பதே வாதம். விழும்போது கால் என்ன ஆகும் என்பது அந்த வாதத்தில் பெரிதாக இடம்பெறவில்லை.

நீடித்து உழைக்கும் பிணைப்பைத் தெரிந்தெடுப்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த ஒரு சந்தர்ப்பத்தையும் இங்கு சொல்லவேண்டும். 1911 டிசம்பரில் தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த ருவால்ட் அமுண்ட்சென் குழுவில் ஐவர் இருந்தனர். அவர்களில் ஒருவரான ஊலாவ் பியோலண்ட், நோர்ஹைமின் மொர்கெடால் ஊரைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர். ஹூய்த்வெல்டின் இரும்புக் காதுகளையும், ஹொய்யர் எலெப்சன் என்பவரின் குதிக்கால் பட்டியையும் இணைத்த கட்டையே அவர்கள் பயன்படுத்தினார்கள். கட்டுகளை இலகுவில் கழற்றும் வகையில் அமைத்து, இரவுகளில் கூடாரத்துக்குள் கொண்டுபோனதாக அமுண்ட்சென் எழுதியிருக்கிறார். காரணம் குளிர் அல்ல. தோல்வாரைச் சுவைத்துத் தின்ன இழுவை நாய்கள் காத்திருந்தன. கட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் இரும்பு மட்டுமல்ல, அது வாழும் சூழலும்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சென்னையில் பிறந்தவரும் கந்தஹாரும்

அடுத்த அத்தியாயம் எதிர்பாராத விதமாக எமது அயலுக்கு வருகிறது. அல்ப்ஸ் மலையில் சரிவுச் சறுக்கல் போட்டிகளை ஒழுங்கமைத்தவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேயரான அர்னல்ட் லன். அவர் பிறந்தது 1888இல், சென்னையில். அவருடைய தந்தை ஹென்றி லன் அங்கு மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக இருந்தார். பனியே விழாத நகரில் பிறந்த மகன் 1922இல் சுவிற்சர்லாந்தின் மியூரனில் நவீன சலாம் போட்டியை நடத்தினார்.

இன்னொருவர் இராணுவத் தளபதி ரொபர்ட்ஸ் பிரபு. 1880இல் காபூலிலிருந்து கந்தஹாருக்கு ஏறக்குறைய 10,000 படையினருடன் விரைந்து நடந்து சென்றதால் கந்தஹார் என்ற ஊர்ப்பெயரைத் தம் பட்டத்தோடு சேர்த்துக்கொண்டவர். அந்தப் படையினரில் பெரும்பாலோர் இந்தியர்கள். பின்னர் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாகவும் இருந்தார். 1911இல் அல்ப்ஸ் மலையில் நடந்த சறுக்கல் போட்டிக்கு அவர் ஒரு கிண்ணம் வழங்கினார். அதன் வழியாகக் கந்தஹார் என்ற பெயர் போட்டிக்கும், 1924இல் மியூரனில் தொடங்கிய கழகத்துக்கும், ஈற்றில் ஒரு பிணைப்புக்கும் ஒட்டிக்கொண்டது. ஆப்கானிஸ்தானின் வறண்ட ஊர் ஒன்றின் பெயரைச் சுவிஸ் மலையில் மனிதர்கள் காலில் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். பேரரசுகளின் நடமாட்டம் இப்படியும் தடம் விடுகிறது.

கந்தஹார் பிணைப்பை 1929ஆம் ஆண்டில் உருவாக்கியவர் சுவிற்சர்லாந்தின் கீடோ ரெஜ். இசைப்பெட்டி செய்வதில் பேர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். குதிக்காலைச் சுற்றிச் சுருள்வில்லோடு கூடிய உருக்குக் கேபிள். அதை இறுக்க முன்னால் ஒரு நெம்பு. பலகையின் பக்கங்களில் கொளுக்கிகள். ஏறும்போது கேபிளைக் கொளுக்கியிலிருந்து விட்டால் குதிக்கால் எழும். இறங்கும்போது மாட்டினால் பாதம் பலகையோடு அறைந்ததுபோல் நிற்கும். அழகான தீர்வு. உலகெங்கும் பரவியது.

ஆனால் குதிக்காலும் முன்காலும் ஒருங்கே பிடிபட்டதோடு கால்கள் முறியத் தொடங்கின. இரண்டு மீற்றர் நீளப் பலகை என்பது கணைக்காலில் பூட்டிய ஒரு நீண்ட சாவி. திருகாணியைத் திருப்ப நாம் நீளமான பிடியுள்ள சாவியைத் தேடுவதில்லையா? அதுபோலப் பலகையின் முனை பனியில் சிக்கி உடல் மறுபுறம் திரும்பினால், அந்த நீளம் முழுவதும் எலும்பைத் திருகும் விசையாக மாறுகிறது. இத்தகைய இரும்புப் பிணைப்புகளுக்கு அமெரிக்காவில் கரடிப்பொறி என்று பட்டப்பெயர் வந்தது. பொறியில் அகப்பட்ட கரடி காலை இழுத்துக்கொள்ள முடியாது.

மயக்கத்திலிருந்து எழுந்தவர் வரைந்த படம்

விடுவிக்கும் பிணைப்பு என்ற எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், தானே கால் முறிந்த ஒருவர். ஹயால்மர் வாம் என்பவர் நோர்வேயின் கொங்ஸ்பர்கில் 1902இல் பிறந்து, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் குடியேறிய சறுக்கல் வீரர். 1937இல் ஹூட் மலையில் அவரது கால் முறிந்தது. சத்திரசிகிச்சைக்காகக் கொடுத்த ஈதர் மயக்கம் தெளிந்து கண்விழித்தபோது, ஒரு பென்சிலும் காகிதமும் கேட்டு வாங்கி, விழும்போது முன்காலைத் தானாகவே பக்கவாட்டில் விடுவிக்கும் பொறியின் படத்தை வரைந்தார் என்று சொல்லப்படுகிறது. 1939இல் அது சந்தைக்கு வந்தது.

வாங்குவோர் கூட்டம் ஒன்றும் வரவில்லை. வீரர்கள் அதை நம்பவில்லை. கழன்றுவிடும் பிணைப்பு பழுதான பிணைப்பு என்பதே அவர்களது எண்ணம். பழம்பொருட் சந்தையில் நான் எண்ணியதும் அதுவே அல்லவா?

அவர்களது அச்சத்திலும் நியாயம் இருந்தது. வேண்டாத நேரத்தில் பிணைப்பு கழன்றால், மணிக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் வேகத்தில் மனிதன் மரத்தில் மோதுவான். எனவே, விடவும் வேண்டும், வீணாக விடவும் கூடாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரான்சைச் சேர்ந்த ஜான் பெய்ல். 1950இல் அவரது லுக் நிறுவனம் நெவாடா என்ற முன்பிணைப்பை வெளியிட்டது. அதன் சூட்சுமம் நெகிழ்ச்சி. சிறு அதிர்ச்சி வந்தால் பொறி பக்கவாட்டில் சிறிது அசைந்து கொடுத்து, சுருள்வில்லின் இழுவையால் மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். விசை தொடர்ந்து இழுத்தால் மட்டுமே முழுமையாகத் திறந்து காலை விடும். கண நேர அடிக்கும் காலை முறிக்கும் திருகலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சுருள்வில் பகுத்தறியத் தொடங்கியது. இதே நிறுவனம் 1984இல் சைக்கிள் மிதிக்கும் அதே தத்துவத்தைப் பொருத்தியது. மறு ஆண்டு பெர்னார்ட் ஈனோ அந்த மிதியோடு பிரான்ஸ் சைக்கிளோட்டத்தை வென்றார்.

ஜேர்மனியில் ஹன்னஸ் மார்க்கர் 1952இல் தமது பிணைப்போடு வந்தார். பிரான்சின் அன்னெசி நகரில் 1947இல் வாள் அலகுகளும் பலகை விளிம்புகளும் செய்யத் தொடங்கிய சலமன் குடும்பமும் பின்னர் இத்துறையில் இறங்கியது. பட்டறைகள் தொழிற்சாலைகளாயின.

அளவுகோல் பிறந்த கதை

இத்தனைக்குப் பிறகும் அறுபதுகளில் கால்கள் முறிந்துகொண்டேயிருந்தன. விடுவிக்கும் பிணைப்புகள் பல பெயரளவில் மட்டுமே விடுவித்தன. எந்த விசைக்கு விடவேண்டும் என்பதற்குப் பொது அளவு இல்லை. ஒரு கம்பனியின் ஐந்து மற்றக் கம்பனியின் எட்டு. அதே காலத்தில் தோற் சப்பாத்துகளுக்குப் பதிலாக உயரமான பிளாஸ்ரிக் சப்பாத்துகள் வந்தன. அவை கணுக்காலைக் காத்தன. ஆனால் முறிவு மேலே ஏறியது. சப்பாத்தின் மேல்விளிம்பு நெம்புகோலின் தாங்குபுள்ளியாக மாற, கணைக்கால் எலும்பு அங்கே ஒடிந்தது. எமது பிள்ளைக்கு நேர்ந்ததும் அதுவே.

1972இல் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்து மலையொன்றில், ரொபர்ட் ஜோன்சன் என்ற வைத்தியரும் கார்ல் எட்லிங்கர், ஜஸ்பர் ஷீலி என்ற இரு ஆய்வாளர்களும் காயமடைந்து வருவோரைப் பற்றிப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். காயத்தை மட்டும் பார்க்கவில்லை. காயமடைந்தவரின் பிணைப்பையும் சோதித்தார்கள். பத்தாண்டுகள் கணக்கில் அப்பணி தொடர்ந்தது. எனது பத்திரிகை வாழ்வில் நான் மிகவும் மதித்த வேலை இத்தகையதே: ஆரவாரமின்றி, ஒவ்வொரு நாளும், ஒரே கேள்வியைக் கேட்டு விடையைக் குறித்துவைப்பது.

எழுபதுகளின் இறுதியில் ஜேர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் டின் அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. இன்று எந்தக் கடையிலும் தொழிலாளர் உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கேட்டு, அட்டவணையில் ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, திருகாணியைத் திருப்பி அந்த எண்ணில் நிறுத்துவார். சிறுவருக்கும் ஐம்பது வயதானோருக்கும் எண் குறைக்கப்படும். அவர்களுடைய எலும்பு அதைத்தான் கேட்கிறது. ஒரு பொறி தன்னை அணிபவரின் எலும்புக்கு ஏற்பத் தன்னைத் தாழ்த்திக்கொள்வது நாகரிகத்தின் ஒரு சிறு வெற்றி என்றே நான் கருதுகிறேன்.

விளைவு கண்கூடு. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகளுக்குள் கணைக்கால் முறிவுகள் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக வேர்மொன்ட் ஆய்வு காட்டியது. ஆனால் அதே காலத்தில் முழந்தாளின் உள்ளே குறுக்காக ஓடும் முன்புறத் தசைநார் அறுவது அதிகரித்தது. எலும்பைக் காக்கவென அமைத்த பொறியால் முழந்தாளைக் காக்க முடியவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

மறந்த பாடம்

இப்போது அந்தக் குட்டைப் பலகைக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் நைசில் நிறுவனம், முனையில் கால்விரல்களின் வடிவம் கொண்ட பிக்பூட் என்ற குட்டைப் பலகையை வெளியிட்டது. 1995இல் அமெரிக்க இளைஞரான ஜேசன் லெவிந்தால் லைன் என்ற பெயரில் ஸ்கீபோர்ட் செய்யத் தொடங்கினார். சலமன் நிறுவனத்தின் ஸ்னோபிளேட் பரவலாக விற்பனையாகி, அதன் பெயரே பலருக்குப் பொதுப்பெயராயிற்று. 1998 முதல் 2000 வரை குளிர்கால எக்ஸ் விளையாட்டுகளிலும் ஸ்கீபோர்ட் இடம்பெற்றது. பின்னர் இருமுனை வளைந்த நீளப் பலகைகள் வந்து அதன் இடத்தைப் பிடித்தன.

இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை விடுவிக்காத பிணைப்புகளோடு வந்தன. தட்டு, இரு கம்பி வளையங்கள், ஒரு நெம்பு. மலிவானது, இலேசானது, எந்தச் சப்பாத்துக்கும் பொருந்துவது, எளிதில் உடையாதது. பலகை குட்டையானதால் நெம்புகோல் விசை குறைவு, ஆகவே விடுவிக்கத் தேவையில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பாதி உண்மை. முறுக்கும் விசை குறைவதென்னவோ சரிதான். ஆனால் முனை சொருகி முன்னோக்கி விழும்போது, நெம்புகோல் பலகை அல்ல. சப்பாத்துக்கு மேலே வேகத்தோடு வரும் முழு உடலே நெம்புகோல். அது குட்டையாவதில்லை. குட்டைப் பலகைக்கு முன்னால் நீளம் குறைவாதலால் முன்னே விழுவதும் எளிது. ஸ்கொட்லாந்தின் சறுக்கல் மலைகளில் காயங்களை ஆராய்ந்த வைத்தியர் மைக் லாங்ரன் போன்றோர், விடுவிக்காத பிணைப்புப் பூட்டிய குட்டைப் பலகைக்காரரிடையே கணைக்கால் முறிவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டறிந்தார்கள். எழுபதுகளில் கற்ற பாடம் தொண்ணூறுகளில் ஒரு புதிய விளையாட்டின் உற்சாகத்தில் மறக்கப்பட்டது.

புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளோடு இப்பொருளை வாங்கப்போகும் பெற்றோருக்காகச் சில வார்த்தைகள். நீடித்து உழைக்கும் பிணைப்பு வேண்டும் என்று நினைப்பது தவறல்ல. உலோகத் தட்டுள்ளதையும் உருக்குச் சுருள்வில் உள்ளதையும் தேடுங்கள். குளிரில் பிளாஸ்ரிக் வெடிக்கும். வெயிலிலும் அது முதுமையடையும். மயிரிழை வெடிப்பு உண்டா என்று பாருங்கள். திருகாணிகள் பலகைக்குள் சுழல்கின்றனவா என்று பாருங்கள். சப்பாத்தின் அடி தேய்ந்திருந்தால் நல்ல பிணைப்பும் சரியாக விடாது. அடியின் வகை பிணைப்போடு பொருந்துகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் விடுவிக்கும் விசையைக் கருவியில் வைத்துச் சோதிப்பியுங்கள். மிகப் பழைய மாதிரிகளை உற்பத்தியாளர்கள் தமது பொறுப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்; அவற்றைத் தொடக் கடைகள் மறுக்கும். அந்த மறுப்பை வியாபாரத் தந்திரம் என்று எண்ணவேண்டாம். குட்டைப் பலகைக்கும் விடுவிக்கும் பிணைப்புகள் உண்டு. சற்று எடை கூடும், விலையும் கூடும். அதைத் தெரிந்தெடுங்கள்.

பிணைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அத்தனை ஆண்டும் அது உரிய நேரத்தில் விடுமா என்றும் கேட்கவேண்டும். அந்த இரண்டாவது கேள்வியை நான் அன்று கேட்கவில்லை.

பிள்ளையின் கால் குணமாகிவிட்டது. ஒரு மாரிகாலம் முழுவதும் அவள் வீட்டு யன்னலருகே இருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அக்கா சொன்னபோது எனக்கு இரண்டு நாள் உணவு இறங்கவில்லை. அந்தப் பலகைகளை மறு ஆண்டுச் சந்தைக்குக் கொடுக்கலாமே என்று அயலவர் ஒருவர் சொன்னாராம். மருமகன் இணங்கவில்லை. இன்னொரு தகப்பன் வந்து அதன் உருக்குக் கம்பியை இழுத்துப் பார்த்து மெச்சுவான் என்று அவருக்குத் தெரியும். நான்கு திருகாணிகளையும் கழற்றி, பிணைப்பைப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த மாரியில் அவள் மீண்டும் மலைக்குப் போனாள். அன்று மாலை தொலைபேசியில் அவளுடைய குரல் வந்தது: "தாத்தா, இண்டைக்கு நான் மூண்டு தரம் விழுந்தனான். மூண்டு தரமும் கழண்டிட்டுது."

"நல்லது பிள்ளை" என்றேன்.